வாய் வழியா, குழாய் வழியா: ஒவ்வாமைக் குழந்தையின் ஃபார்முலாவுக்கு ஒரு காப்பீட்டுத் திட்டம் தந்ததும் தராததும்

கடுமையான பால் ஒவ்வாமை உள்ள கைக்குழந்தைக்கு மருத்துவர் எழுதித் தரும் சிறப்பு ஃபார்முலாவை, அதாவது தாய்ப்பாலுக்கு மாற்றான குழந்தை உணவுப் பொடியை, காப்பீட்டின் மூலம் பெற முடியுமா என்று விசாரிக்கும் பெற்றோர் பெரும்பாலும் ஒரு சதவிகிதத்தைத்தான் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். நிறுவனம் எவ்வளவு ஏற்கும், நம் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பதே அவர்களது முதல் கேள்வி. எங்கள் குடும்பக் காப்பீட்டுத் திட்டத்தில் இதற்கென்று ‘மருத்துவ ஊட்ட உணவு’ என்ற தனிப் பிரிவு இருக்கிறது. எங்கள் இளைய மகளுக்காக அவளுடைய முதல் வயதின் பெரும்பகுதியும் அதைப் பயன்படுத்தியிருக்கிறோம். அதன் சதவிகிதத்தில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அனுமதி கிடைத்தபின் செலவின் பெரும்பங்கை நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அந்தப் பிரிவு எங்களைச் சோதித்தது வேறு இரண்டு இடங்களில். இந்த உணவு எதற்காகத் தேவைப்படுகிறது என்று கேட்காமல், எந்த வழியாக உடலுக்குள் போகிறது என்று கேட்கும் அதன் வரையறை ஒன்று. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பசித்து அழும் ஒரு குழந்தையின் வேகத்துக்குச் சற்றும் பொருந்தாத அதன் நடைமுறை மற்றொன்று. நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. இதே வார்ப்பில் எழுதப்பட்ட பிரிவுகள் பல பாலிசிகளில் இருப்பதால், பெயரைவிட வாசகம்தான் படிப்பவர்களுக்குப் பயன்படும்.

காப்பீடு எதற்குப் பணம் தருகிறது என்பது விளங்க வேண்டுமானால், இந்த ஃபார்முலா என்னவென்று சற்றே விரிவாகச் சொல்ல வேண்டும். பசும்பாலில் உள்ள கேசீன், வே ஆகிய புரதங்களைப் பகையாகக் கருதிக் குழந்தையின் நோய் எதிர்ப்பு மண்டலம் கிளர்ந்தெழுவதே பால் புரத ஒவ்வாமை. முதல் வயதில் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 2 அல்லது 3 பேருக்கு இது இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. பால் சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காத நிலை இதிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. லாக்டோஸ் நீக்கிய பால் பவுடரில் புரதம் அப்படியே இருப்பதால் அது இக்குழந்தைகளுக்கு உதவாது. ஆட்டுப்பாலின் புரதங்கள் பசும்பாலுடையவற்றை மிக நெருக்கமாக ஒத்திருப்பதால் அதுவும் மாற்றாகாது. சோயா ஃபார்முலா சிலருக்கு ஒத்துக்கொள்ளும் என்றாலும், பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் ஒரு பகுதியினர் சோயாவையும் தாங்குவதில்லை என்பதால், முதல் ஆறு மாதங்களில் ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை.

எஞ்சியிருப்பவை இரண்டு வகைகள். பால் புரதத்தை நொதிகளைக் கொண்டு மிகச் சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரிக்கப்படுவது முதல் வகை. நியூட்ராமிஜென், அலிமென்டம் ஆகியவை இதைச் சேர்ந்தவை. ஒவ்வாமை உறுதிசெய்யப்பட்ட குழந்தைகளில் குறைந்தது 90 சதவிகிதத்தினர் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே இவ்வகை ஃபார்முலாவுக்கு மருத்துவ உலகம் வைத்திருக்கும் அளவுகோல். அப்படியானால் அதையும் தாங்காத சிலர் இருப்பார்கள் என்பது அந்த அளவுகோலுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அவர்களுக்காக இருப்பது இரண்டாம் வகை: புரதத்தின் எந்தத் துண்டும் இல்லாமல், தனித்தனி அமினோ அமிலங்களை மட்டும் சேர்த்துத் தயாரிக்கப்படும் நியோகேட், எலிகேர் போன்றவை. பாலால் அனாஃபிலாக்சிஸ் என்னும் உயிராபத்தான எதிர்வினை ஏற்பட்ட குழந்தைகளுக்கும், உணவுக்குழாயில் ஈசினோஃபில் என்னும் வெள்ளை இரத்த அணுக்கள் குவியும் நோய் உள்ளவர்களுக்கும், ஒவ்வாமையால் எடை ஏறாமல் நிற்பவர்களுக்கும் மருத்துவர்கள் பெரும்பாலும் இதையே எழுதுகிறார்கள். இதற்கு அப்பால் கடையில் எடுத்துக்கொள்ள வேறு மாற்று கிடையாது. காப்பீட்டு நிறுவனத்தின் கடிதங்களில் இது ‘விருப்பத் தேர்வு ஊட்டப் பொருள்’ என்று குறிப்பிடப்பட்டிருந்ததை நான் ஒவ்வொரு முறையும் இரண்டு தரம் படித்தேன்.

எங்கள் மகளுக்குத் தாய்ப்பால் போதாமல் துணை ஃபார்முலா தொடங்கிய பிறகு மலத்தில் இரத்தமும் ஓயாத வாந்தியும் வந்தன. நான் என் உணவிலிருந்து பால் பொருட்களை முற்றிலும் விலக்கினேன். ஃபார்முலாவையும் புரதம் உடைத்த வகைக்கு மாற்றினோம். இரத்தம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. எடையோ வளர்ச்சி வரைபடத்தில் ஒவ்வொரு கோடாகக் கீழே இறங்கியது. குழந்தைகளுக்கான குடல் நோய் மருத்துவர் அமினோ அமில ஃபார்முலாவுக்கு மாற்றிய பிறகுதான் வாந்தி அடங்கி, எடை மீண்டும் ஏறத் தொடங்கியது. பொருளைப் பற்றிய என் மதிப்பீடு சுருக்கமானது: நெடியும் கசப்பும் பெரியவர்களால் தாங்கக்கூடியவை அல்ல, கரைப்பதில் சிரமம் இல்லை, மலம் கரும்பச்சையாக மாறும், வேலையைச் செய்கிறது. சுவையைப் பற்றி ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் இந்தக் கசப்பைப் பெரும்பாலும் எளிதாக ஏற்றுக்கொள்கின்றன. அதன் பிறகு அறிமுகப்படுத்தினால் பல குழந்தைகள் வாயைத் திருப்பிக்கொள்கின்றன. ஆகவே காப்பீட்டு அனுமதி தாமதமாவது பணத்தை மட்டும் பொறுத்த விஷயமன்று. அந்தத் தாமதத்துக்குள் குழந்தை இதைக் குடிக்கும் வயதையே கடந்துவிடக்கூடும்.

அளவையும் பார்த்துவிடலாம். முதல் மாதங்களில் ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு, ஒரு கிலோ எடைக்குத் தோராயமாக 100 கலோரி தேவைப்படும். 6 கிலோ குழந்தைக்கு 600 கலோரி. 400 கிராம் டின் ஒன்றில் ஏறத்தாழ 1,900 முதல் 2,000 கலோரி வரை இருக்கும் என்பதால், ஃபார்முலாவை மட்டுமே நம்பியிருக்கும் குழந்தைக்கு ஒரு டின் மூன்று நாட்களைத் தாண்டாது. மாதத்துக்குச் சுமார் பத்து டின்கள் வேண்டியிருக்கும். ஒவ்வொரு டின்னும் சாதாரண ஃபார்முலாவைப்போலப் பல மடங்கு விலை. எந்த நடுத்தரக் குடும்பமும் காப்பீட்டைத் தேடி ஓடுவதற்கு இந்தக் கணக்கே போதும்.

இனி பிரிவின் வாசகத்துக்கு வருகிறேன். ‘உணவூட்டும் குழாய் வழியாகச் செலுத்தப்படும் மருத்துவ ஊட்ட உணவுக்கு ஈடு வழங்கப்படும்’ என்பதே அதன் முதல் வரி. இரண்டாம் வரி, வாய் வழியாக உட்கொள்ளப்படும் உணவை விலக்குகிறது. மூன்றாம் வரி, ஃபீனைல்கீட்டோனூரியா போன்ற பிறவி வளர்சிதைமாற்றக் குறைபாடுகளுக்கு மட்டும் அந்த விலக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. எங்கள் மகளுக்கு உறிஞ்சவும் விழுங்கவும் எந்தத் தடையும் இல்லை. புட்டியைக் கண்டால் கையை நீட்டுவாள். அந்தத் திறமைதான் அவளைத் திட்டத்துக்கு வெளியே நிறுத்தியது. அதே டின்னின் அதே பொடியை, மூக்கு வழியாக இரைப்பைக்குள் செருகிய குழாயில் ஊற்றியிருந்தால் நிறுவனம் பணம் கொடுத்திருக்கும். தொலைபேசியில் பேசிய ஊழியர் ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், ‘குழாய் பொருத்துவதாக மருத்துவர் எழுதிவிட்டால் விரைவில் முடிந்துவிடும்’ என்று சொன்னார். எங்கள் மருத்துவர் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. குழாய் இடம் மாறி நுரையீரல் பக்கம் போகும் அபாயம் உண்டு. வாயால் குடிப்பதையே குழந்தை வெறுக்கத் தொடங்கும் ஆபத்தும் உண்டு. நன்றாக உறிஞ்சும் குழந்தைக்கு ஒரு படிவத்தின் பொருட்டுக் குழாய் போட முடியாது என்று அவர் எழுத்திலேயே கொடுத்தார். அந்த ஒரு வாக்கியம் பின்னர் மேல்முறையீட்டில் எங்களுக்கு மிகவும் உதவியது.

இந்தக் குழாய் நிபந்தனை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதன் தர்க்கம் ஓரளவு விளங்குகிறது. இத்தகைய பிரிவுகள் விழுங்க முடியாத முதியவர்களையும், குடல் செயலிழந்த நோயாளிகளையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. அமெரிக்காவில் முக்கியமாக முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் திட்டத்தில் குழாய் உணவு என்பது செயற்கை உறுப்புக் கருவிகளுக்கான பிரிவின்கீழ் வருகிறது. அதாவது அங்கே ஈட்டுக்கு உரியது அடிப்படையில் குழாய் என்ற கருவி, உணவு அதன் துணைப்பொருள். அந்நாட்டின் ரசீதுக் குறியீடுகளும் இதையே சுமந்து வருகின்றன. புரதம் உடைத்த மற்றும் அமினோ அமிலக் குழந்தை ஃபார்முலாக்களுக்கான பி4161 என்ற குறியீட்டின் விளக்கத்திலேயே ‘குழாய் வழியாகச் செலுத்தப்படுவது’ என்ற சொற்கள் இடம்பெற்றுள்ளன. வாயால் குடிப்பதாக இருந்தால் பி.ஓ. என்ற ஒட்டு ஒன்றைத் தனியே சேர்க்க வேண்டும். பெரியவர்களுக்காகத் தைத்த சட்டையைக் கைக்குழந்தைக்குப் போட்டுவிட்டு, கை வெளியே வரவில்லை என்று குழந்தையைக் குறை சொல்வதுபோல் இருக்கிறது இது. வளர்சிதைமாற்றக் குறைபாடுகளுக்கு மட்டும் வாய்வழி உணவை அனுமதிக்கும் மூன்றாம் வரியோ, நிறுவனம் இந்தக் கொள்கையை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்குச் சான்று. சாதாரண உணவை உண்டால் நோய் வரும், சிறப்பு உணவு ஒன்றே மருந்து என்ற நிலை அங்கே எப்படியோ, இங்கேயும் அப்படியே. எங்கள் மேல்முறையீட்டின் மையவாதம் இதுதான்.

சட்டம் தலையிட்ட இடங்களில் இந்த முடிச்சு அவிழ்ந்திருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலம் 2007-இல் இயற்றிய சட்டம், அமினோ அமில ஃபார்முலாவை ‘எந்த வழியில் கொடுத்தாலும்’ ஈடு செய்ய வேண்டும் என்று சொன்னது. ஆனால் ஈசினோஃபில் கோளாறுகள், குறுங்குடல் நோய் என இரண்டை மட்டுமே அது பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. டெக்சாஸ் சட்டமும் கொடுக்கும் வழியைப் பொருட்படுத்துவதில்லை. பல உணவுப் புரதங்களுக்கான ஒவ்வாமை, உணவுப் புரதத்தால் ஏற்படும் கடும் குடலழற்சி ஆகியவற்றையும் சேர்த்து நோய்ப் பட்டியலை விரிவாக்கியது. இருந்தாலும், ஊழியர்களின் மருத்துவச் செலவை நிறுவனமே நேரடியாகத் தாங்கும் திட்டங்கள் 1974-ஆம் ஆண்டின் ஒரு கூட்டாட்சிச் சட்டத்தின்கீழ் வருவதால், அவற்றை இந்த மாநிலச் சட்டங்கள் கட்டுப்படுத்த முடியாது. அட்டையில் அச்சிட்டிருக்கும் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரை வைத்து இதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. இங்கிலாந்தில் இது மருத்துவச் சீட்டில் எழுதப்படும் பொருள்; குழந்தைகளின் சீட்டுக்கு அங்கே கட்டணம் கிடையாது. ஆஸ்திரேலியாவில் அரசின் மருந்து மானியப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. அதற்கு முன்கூட்டிய அங்கீகாரம் வேண்டும். ஒரே பொடி ஓரிடத்தில் மருந்து, மற்றோரிடத்தில் கருவியின் துணைப்பொருள், வேறோரிடத்தில் மளிகை.

முன் அனுமதிக்கான விண்ணப்பம் முதல் தடவை மறுக்கப்பட்டது. மறுப்புக் கடிதம் இரண்டு காரணங்களைச் சொன்னது. ஒன்று மேலே சொன்ன வாய்வழிக் காரணம். மற்றொன்றுதான் எனக்கு அதிகச் சினமூட்டியது: ஒவ்வாமைக்கான இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் எதுவும் தென்படவில்லை, ஆகவே ஒவ்வாமை உறுதிப்படவில்லை என்றார்கள். பால் ஒவ்வாமையில் இரு பெரும் வகைகள் உள்ளன. ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்பொருள் வழியாக வரும் வகையில் குடித்த சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பும் வீக்கமும் மூச்சுத்திணறலும் வரும். இரத்தப் பரிசோதனையும் தோல் பரிசோதனையும் கண்டுபிடிப்பது இந்த வகையை மட்டுமே. அந்த எதிர்ப்பொருள் இல்லாமல் வரும் வகையில் அறிகுறிகள் பல மணி நேரமோ சில நாட்களோ கழித்துக் குடலில் வெளிப்படும். அதில் இந்தப் பரிசோதனைகள் எதையும் காட்டாமல் இருப்பதே இயல்பு. பாலை விலக்கிப் பார்த்து அறிகுறிகள் அடங்குகின்றனவா, மீண்டும் கொடுத்தால் திரும்புகின்றனவா என்று கவனிப்பதே அங்கே நோயறியும் முறை. எங்கள் மகளுக்கு இருந்தது இந்த இரண்டாம் வகை. இல்லாத எதிர்ப்பொருளைக் காட்டச் சொல்லும் ஒரு படிவம், கடுமையான குடல் ஒவ்வாமை உள்ள குழந்தைகளை அப்படியே வடிகட்டி வெளியே தள்ளிவிடுகிறது. படிவத்தை வடிவமைத்தவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்கும் என்று நம்புவது கடினம்.

படிநிலைச் சிகிச்சை என்ற நிபந்தனையும் இருந்தது. விலை குறைந்த வகையைக் கொடுத்து அது பலிக்கவில்லை என்று நிரூபித்த பிறகே விலை உயர்ந்த வகைக்கு அனுமதி உண்டு. பொதுவாக இதில் நியாயம் இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். பெரும்பாலான குழந்தைகளுக்குப் புரதம் உடைத்த வகையே போதும் என்பதால், எடுத்த எடுப்பிலேயே எல்லோருக்கும் அமினோ அமில வகையை எழுதுவது தேவையற்ற செலவு. எங்களுக்கும் அந்தப் படி ஏற்கெனவே கடந்திருந்ததால் அது சிக்கலாகவில்லை. ஆனால் அனாஃபிலாக்சிஸ் வந்த குழந்தைக்கும் இதே நிபந்தனை, விதிவிலக்கு எதுவும் குறிக்கப்படாமல், அச்சிடப்பட்டிருக்கிறது. உடைத்த புரதத்தால் மீண்டும் ஒரு கடும் எதிர்வினை வந்தால்தான் ‘பலிக்கவில்லை’ என்று எழுத முடியும் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

மேல்முறையீட்டைப் பொறுத்தவரை இந்தத் திட்டத்தைப் பாராட்ட வேண்டிய இடம் ஒன்று உண்டு. எங்கள் மருத்துவர், நிறுவனத்தின் மருத்துவரோடு நேரில் பேசும் ஏற்பாடு கேட்டபோது அதற்கு உடனே நேரம் ஒதுக்கினார்கள். முதலில் ஒதுக்கப்பட்டவர் குழந்தை மருத்துவர் அல்லர்; அதே துறையைச் சேர்ந்த ஒருவர் வேண்டும் என்று எழுத்தில் கேட்டதும் மாற்றிக் கொடுத்தார்கள். அந்த உரையாடலுக்குப் பிறகுதான் கோப்பு நகர்ந்தது. இதற்கிடையில் நாங்கள் சேர்த்து அனுப்பியவற்றில் உண்மையில் எடுபட்டது எது என்று பின்னர் எங்கள் கோப்பைக் கவனித்த அலுவலரிடம் கேட்டேன். நீண்ட மருத்துவக் குறிப்புகளைவிட வளர்ச்சி வரைபடத்தின் நகல்தான் பேசியது என்றார்: எந்தத் தேதியில் எந்த ஃபார்முலா தொடங்கப்பட்டது என்று மருத்துவர் அந்த வளைகோட்டின்மீதே கையால் குறித்திருந்தார், சரிவும் ஏற்றமும் அந்தக் குறிகளோடு ஒத்துப்போயின. அத்தோடு, ‘இந்தக் குழந்தைக்கு இந்த ஃபார்முலா மருத்துவ ரீதியாக அவசியம்’ என்ற வாக்கியம் மருத்துவரின் கடிதத்தில் அப்படியே இருக்க வேண்டும். ‘பரிந்துரைக்கிறேன்’, ‘நன்மை தரும்’ போன்ற சொற்கள் நிறுவனங்களின் காதில் விழுவதில்லை. அந்த அலுவலரின் பொறுமையும் தெளிவும் இத்திட்டத்தின் பெரிய பலம். அவரைப் போன்ற ஒருவரிடம் கோப்பு போய்ச் சேரும்வரை நாங்கள் பேசிய ஒவ்வொரு குரலும் கதையை முதலிலிருந்து கேட்டது என்பது பலவீனம்.

அவசர மேல்முறையீடு என்ற வழியையும் குறிப்பிட வேண்டும். சாதாரண மேல்முறையீட்டுக்கு வாரக்கணக்கில் அவகாசம் எடுத்துக்கொள்ளும் நிறுவனங்கள், தாமதம் நோயாளியின் உடல்நலத்துக்குக் கடும் ஆபத்து என்று மருத்துவர் எழுதினால் சில நாட்களிலேயே முடிவு சொல்ல வேண்டும் என்ற விதி பல பாலிசிகளில் இருக்கிறது. எங்கள் பாலிசியிலும் இருந்தது. ஆனால் மறுப்புக் கடிதத்தில் அது எங்கேயும் சொல்லப்படவில்லை, முழு ஆவணத்தின் பின்பகுதியில் இருந்தது. எடை இறங்கிக்கொண்டிருக்கும் கைக்குழந்தையின் கோப்பு இந்த வழியில் போகாவிட்டால் வேறு எந்தக் கோப்பு போகும் என்று தெரியவில்லை. இந்த ஒன்றை நிறுவனமே தானாக முன்வந்து சொல்லியிருந்தால் என் மதிப்பீடு வேறாக இருந்திருக்கும்.

அனுமதி கிடைத்த பிறகு வந்த சிக்கல்கள் சிறியவை, ஆனால் ஓயாதவை. அனுமதித்த அளவு, விண்ணப்பம் எழுதிய நாளின் எடையைக் கொண்டு கணக்கிடப்பட்டிருந்தது. பொதுவாகக் குழந்தைகள் ஐந்து மாத அளவில் பிறந்த எடையை இரட்டிப்பாக்கிவிடுகின்றன. ஃபார்முலா பலித்தால் எடை வேகமாகத்தான் ஏறும். சிகிச்சை வெற்றி பெற்றதாலேயே ஒதுக்கீடு போதாமல் போகும் விந்தை இது. எடை கூடும் என்று எதிர்பார்த்து அளவைக் குறிக்குமாறு ஊட்டச்சத்து நிபுணரிடம் கேட்டுக்கொள்ளலாம். அடுத்த முறை அவர் அப்படித்தான் எழுதினார், எவரும் கேள்வி கேட்கவில்லை. பொருளை வீட்டுக்கு அனுப்பும் வேலையை நிறுவனம் தன்னோடு ஒப்பந்தம் செய்துகொண்ட மருத்துவப் பொருள் விநியோக நிறுவனம் ஒன்றிடம் விட்டிருக்கிறது. சக்கர நாற்காலியும் ஆக்சிஜன் கருவியும் அனுப்பிப் பழகியவர்கள் அவர்கள். கருவிகள் நான்கு நாள் தாமதமாகலாம், உணவு ஆகக் கூடாது என்ற வேறுபாடு அவர்களுடைய நடைமுறையில் இல்லை. ஒவ்வொரு மாதமும் நாமே அழைத்து ‘இன்னும் தேவைப்படுகிறது’ என்று உறுதிசெய்தால்தான் பெட்டி கிளம்பும். பெட்டிகள் சேதமின்றி, காலாவதித் தேதி நன்றாகத் தள்ளியிருக்கும் டின்களோடு வந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

அனுமதிக் கடிதத்தில் ஃபார்முலாவின் வகை குறிப்பிடப்பட்டிருக்கிறதா, ஒரு வணிகப் பெயர் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். 2022 பிப்ரவரியில் அபாட் நிறுவனம் மிச்சிகன் மாநிலத்தின் ஸ்டர்ஜிஸ் ஆலையில் தயாரான சிமிலாக், அலிமென்டம், எலிகேர் பொடிகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றதும், பின்னர் அந்த ஆலையில் உற்பத்தி நின்றதும் அமெரிக்காவில் பெரும் ஃபார்முலாத் தட்டுப்பாட்டை உண்டாக்கின. அமினோ அமில வகையைத் தயாரிப்பவர்கள் மிகச் சிலரே என்பதால் அதை நம்பியிருந்த குழந்தைகளுக்கு அது மற்றவர்களைவிடக் கடுமையான அடியாக விழுந்தது. ஒரே ஒரு வணிகப் பெயருக்கு மட்டும் அனுமதி வைத்திருக்கும் குடும்பம் அப்படியொரு நாளில் புதிய விண்ணப்பத்தோடு வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டியிருக்கும். எங்கள் முதல் கடிதம் ஒரு பெயரை மட்டும் குறிப்பிட்டிருந்தது. ‘அல்லது அதற்கு இணையான அமினோ அமில ஃபார்முலா’ என்ற சொற்களைச் சேர்க்குமாறு மருத்துவர் கேட்டதும் மறுப்பின்றித் திருத்திக் கொடுத்தார்கள்.

அனுமதிக்கு முன் நாங்கள் வாங்கிய டின்களுக்கான க்ளைம் தள்ளுபடி செய்யப்பட்டது. அனுமதித் தேதிக்கு முந்தைய கொள்முதல் என்பது ஒரு காரணம். ஒப்பந்த விநியோகரிடம் வாங்கவில்லை என்பது மற்றொன்று. ஒப்பந்த விநியோகரோ அனுமதி இல்லாமல் விற்க மாட்டார். நிறுவனம் தானே தவறு என்று ஒப்புக்கொண்டு திருத்திய ஒரு மறுப்பின் காலத்தில் நேர்ந்த செலவை, அந்த மறுப்பைக் காரணம் காட்டியே தள்ளுவது எந்தக் கணக்கிலும் நேராகாது. இதை எதிர்த்து வெளியே உள்ள சுயாதீன மறுஆய்வுக்கு அனுப்பியிருக்கிறோம்.

ஆகவே இந்தத் திட்டத்தை எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: நோய் கண்டறியப்பட்டு, விவரமறிந்த குடல் நோய் மருத்துவரும் ஊட்டச்சத்து நிபுணரும் கூடவே இருக்கும் குடும்பத்துக்கு ஐந்தில் மூன்று மதிப்பெண் தருவேன். அப்படி யாரும் இல்லாமல், தானே படிவம் நிரப்பிப் போராட வேண்டிய பெற்றோருக்கு இதே திட்டம் ஐந்தில் ஒன்றுதான் பெறும். ஏனெனில் எங்களுக்குக் கிடைத்த ஒவ்வோர் அனுமதியும் மருத்துவரின் நேரத்தைச் செலவழித்துப் பெற்றது. பாலிசியை வாங்கும் முன் விற்பனையாளரிடம் சதவிகிதத்தைக் கேட்பதைவிட, முழு ஆவணத்தைப் பெற்று ‘வாய் வழியாக’ என்ற சொற்கள் எந்தப் பக்கத்தில், எந்தப் பட்டியலில் இருக்கின்றன என்று தேடிப் பார்க்கலாம். விலக்குகளின் பட்டியலில் இருந்தால் மாதப் பிரீமியம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் யோசிப்பேன்.

கடைசியாக ஒன்று. எங்கள் திட்டத்தின் ஈடு குழந்தையின் முதல் பிறந்தநாளோடு முடிகிறது. பல குழந்தைகள் அந்த வயதையொட்டி மருத்துவர் கண்காணிப்பில் பாலைப் படிப்படியாகச் சோதித்துப் பார்க்கும் நிலைக்கு வருவது உண்மை. பெரும்பாலோர் பள்ளி செல்லும் வயதுக்குள் ஒவ்வாமையைக் கடந்தும் விடுகிறார்கள். ஆனால் எல்லோரும் ஒரே நாளில் கடப்பதில்லை. எங்கள் மகளுக்கு முதல் சோதனையிலேயே அறிகுறிகள் திரும்பியதால் நீட்டிப்புக்கு விண்ணப்பித்தோம். அளவைக் குறைத்து, சில மாதங்களுக்கு மட்டும் கொடுத்திருக்கிறார்கள். இந்த நீட்டிப்பு விண்ணப்பத்தைப் பிறந்தநாளுக்குப் பல வாரங்கள் முன்பே அனுப்பும்படி மருத்துவரின் அலுவலகத்தில் சொல்லி வைப்பது நல்லது. பிறந்தநாள் கடந்தபின் போய்ச் சேர்ந்தால் அதைப் புதிய விண்ணப்பமாகப் பதிந்துகொண்டு, இரத்தப் பரிசோதனை முடிவை முதலில் அனுப்பச் சொல்வார்கள்.